மேலிடத்து உத்தரவு என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாச்சாத்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர்களின் மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்த பிறகு, எங்கள் அரூர்ப் பக்கம் டீக்கடைகளிலும் ஓய்வூதியர் கூட்டங்களிலும் எழுந்த ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பாவம், கீழ்மட்ட ஊழியர்கள், மேலே சொன்னதைச் செய்து மாட்டிக்கொண்டார்கள்" என்பதே அந்தப் பேச்சு. பாதிக்கப்பட்ட மக்கள் மீது வன்மம் உள்ளவர்கள் மட்டுமல்லாமல், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்களும் இப்படிப் பேசுகிறார்கள். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உத்தரவுகளை வாங்கியும் கீழே அனுப்பியும் ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதாலேயே இதற்குப் பதில் எழுதத் தோன்றியது.

இளைய வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியும் சேர்ந்து ஒரே தருமபுரி மாவட்டமாக இருந்த காலத்தில், 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடியினர் வாழும் வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆகிய மூன்றையும் சேர்ந்தவர்கள் நுழைந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சிபிஐ விசாரித்துக் குற்றம் சாட்டிய 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று அறிவித்தது. அவர்களில் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் 17 பேர்.

அந்த 17 பேரைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை. மற்ற 198 பேரைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மனிதர்கள் இத்தனை பேர், இத்தனை பெரிய கொடுமையின் பக்கத்தில் எப்படி நின்றார்கள்? வேலை போய்விடும் என்ற பயம் என்று உடனே பதில் வரும். பயம் இருந்திருக்கும், ஆனால் பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1961-இல் தொடங்கிய ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம், 15 வோல்ட்டில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 15 வோல்ட் கூட்டி மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று விளம்பரம் பார்த்து வந்த சாதாரண ஆட்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அடுத்த அறையில் இருந்தவர் நடித்தார். அது பொத்தானை அழுத்தியவருக்குத் தெரியாது. சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, தயங்கும்போதெல்லாம் தொடரும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மறுத்தால் எந்தத் தண்டனையும் கிடையாது. அப்படியிருந்தும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்து, நடுங்கி, நிறுத்திவிடலாமே என்று கெஞ்சியவர்களில் பலரும் அடுத்த பொத்தானை அழுத்தத்தான் செய்தார்கள்.

எல்லோரும் எடுத்துச் சொல்லும் இந்தக் கணக்கைவிட, அவர் பிறகு செய்து பார்த்த வேறு சுற்றுகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒரு சுற்றில் பொத்தானை அழுத்தும் வேலை இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டது. வந்தவர் துணை வேலையை மட்டும் பார்த்தால் போதும். அப்போது 40 பேரில் 37 பேர் கடைசி வரை உடனிருந்தார்கள். இதைப் படித்தபோது எங்கள் அலுவலகங்கள்தான் என் கண்முன் வந்தன. ஒருவர் வண்டிக்கு ஏற்பாடு செய்வார், ஒருவர் பெயர்ப் பட்டியல் எழுதுவார், ஒருவர் மகஜரில், அதாவது சோதனையில் கைப்பற்றியதைப் பதியும் ஆவணத்தில், கையெழுத்துப் போடுவார், கேட்டால் "நானா அடித்தேன்?" என்பார்கள். ஒவ்வொருவர் பங்கும் சிறியதாக இருப்பதுதான் அதிகாரத்துக்கு வசதி.

மில்கிராமை ஐயத்தோடு பார்க்கும் அறிஞர்களும் உண்டு. அந்த மனிதர்கள் வெறும் பணிவினால் தொடரவில்லை, நல்ல காரியத்துக்கு உதவுகிறோம் என்ற நம்பிக்கையால் தொடர்ந்தார்கள் என்பது ஹாஸ்லம், ரைச்சர் ஆகியோரின் வாதம். அது சரியென்றால் நம் நிலை இன்னும் மோசம். சந்தனக் கடத்தலை ஒழிப்பது என்பதைவிட நல்ல காரியமாக அன்று இந்த மாவட்டத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

சீருடைக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் நாம் எவ்வளவு எளிதில் கட்டுப்படுகிறோம் என்பதை எங்கள் பக்கத்து வாரச்சந்தை ஒன்றில் பார்த்திருக்கிறேன். கட்டண விவரம் எழுதிய பலகை நுழைவாயிலிலேயே தொங்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, புளி மூட்டைக்கும் தக்காளிக் கூடைக்கும் அதில் உள்ளதைவிடக் கூடுதலாகச் சுங்கம் கேட்பார் வசூலிக்கிறவர். எழுத்துத் தெரிந்தவர்களும் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடியை அவிழ்ப்பார்கள். ஏன் என்று கேட்டேன். "எதுக்குங்க சார் வம்பு, அடுத்த வாரமும் இதே எடத்துலதான கடை போடணும்" என்றார் ஒரு விவசாயி. ஒரு நாள் கீரை விற்கும் பாட்டி ஒருவர் ரசீது கொடுத்தால்தான் காசு என்று உட்கார்ந்துவிட்டார். வசூலிக்கிறவர் குரலை உயர்த்துவதற்குள் பக்கத்துக் கடைக்காரர்களும் ரசீது கேட்டார்கள். அன்று அந்த வரிசையில் பலகையில் உள்ள கட்டணமே வாங்கப்பட்டது. அடுத்த வாரம் பாட்டி வரவில்லை, பழைய வசூல் திரும்பிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மில்கிராமின் இன்னொரு சுற்றும் இதைத்தான் காட்டுகிறது: உடன் இருந்த இருவர் எழுந்து மறுத்தபோது, கடைசி வரை போனவர்கள் 40 பேரில் வெறும் 4 பேர். உத்தரவு போடுகிறவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் சொன்னபோதும் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே கடைசி வரை கீழ்ப்படிந்தார்கள்.

ஆகவே கீழ்மட்ட ஊழியரிடம் போய்த் தைரியமாக இரு என்று உபதேசிப்பதில் பயனில்லை. அவர் தனியாக இல்லை என்பதை விதியும் வழக்கமும் அவருக்குக் காட்ட வேண்டும். சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தராமல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-ஆவது பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 76-ஆவது பிரிவாக இருந்தது, சட்டத்தால் கட்டுண்டு ஒன்றைச் செய்தவரைக் காக்கிறது. ஆனால் அது காப்பது சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவை நிறைவேற்றியவரைத்தான். ஊரைச் சூறையாடச் சொல்லும் உத்தரவு எந்தச் சட்டத்திலும் அடங்காது. எய்தவர்களையும் விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தவறான உத்தரவுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வருகின்றன என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகச் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் 1968-உம், மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள் 1964-உம் சொல்கின்றன. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2013-இல் அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் செயல்படக் கூடாது என்றது. இது ஆட்சியர் நிலையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வனக் காவலருக்கும் கிராம உதவியாளருக்கும் தெரிவதில்லை.

பவானிசாகரில் உள்ள அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தில் புதியவர்களுக்குத் தன்பதிவேடு (தம்மிடம் வரும் கடிதங்களைப் பதியும் ஏடு) பராமரிப்பையும் குறிப்பு எழுதுவதையும் சொல்லித் தருகிறார்கள். அதோடு வாச்சாத்தித் தீர்ப்பையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும்; வனத் துறை, காவல் துறைப் பயிற்சிகளிலும் வைக்க வேண்டும். வாய்மொழியாக ஒரு வேலை ஏவப்பட்டால், "தாங்கள் நேரில் பணித்தவாறு" என்று தொடங்கி, யார், எந்த நாளில், என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதி, அதே அதிகாரியின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டுமென்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.