வேன் ஓட்ட வருபவரின் பெயரையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு டியூசன் நிலையத்தில் புது வேன்காரரைச் சேர்த்தார்கள். விசாரித்தீர்களா என்று கேட்டேன். "நம்ம தோட்டத்துப் பையன்தான்கா" என்றார்கள். சரி, விசாரணை அவ்வளவுதான்!

சிறார்களுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களின் பெயர்கள் நம் மலேசியச் சமூக நல இலாகாவின் பதிவேட்டில் இருக்கின்றன, பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கே விண்ணப்பித்துச் சரிபார்க்கலாம் என்பது அந்த நிலையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. 2001 சிறார் சட்டத்தை 2016இல் திருத்தியபோது வந்த ஏற்பாடு, 2019இல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். பல மாநிலங்களில் பதிவானவர் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்க முடியாது, வீடு மாறியதைச் சொல்லாவிட்டால் அதுவே இன்னொரு குற்றம். இங்கே பட்டியல் பொதுவில் இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, ஏனென்றால் தோட்டத்தில் ஒருவன் பெயர் கெட்டால் ஒரு பாவமும் அறியாத அவன் தாயும் தங்கையும்கூட வெளியே தலைகாட்ட முடியாது. ஆனால் பூட்டி வைத்த பட்டியலைக் கேட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே? கோயிலில் தேவார வகுப்பு நடத்தும் நிர்வாகத்தினருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரு பிள்ளைகளின் தாய்,
சுங்கை சிப்புட்