பாட்டை நோய் எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், மனநோயோடு வாழ்ந்த அமெரிக்கப் பாடகர் டானியல் ஜோன்ஸ்ரனைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் அவருடைய பெயரைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் 'பைத்தியம் தந்த பாடல்கள்' என்ற தலைப்பும், மருந்து அவருடைய இசையைத் தின்றுவிட்டது என்ற கடைசிப் பந்தியும் அன்றிரவு என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

என் அண்ணாவும் பாட்டுக் கட்டுகிறவர். முப்பது வருடத்துக்கு மேலாக மனச்சிதைவு நோயோடு வாழ்கிறவர். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

1990களின் தொடக்கம், போர்க்காலம். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஊரெல்லாம் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி உழக்கி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. எங்கள் வீட்டில் அண்ணா அதே டைனமோவில் ஒரு பழைய ரேப் ரெக்கோடரைப் பொருத்தினார். உழக்குவது என் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. அவர் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எழுதி வைக்காத பாட்டைப் பாடுவார். எனக்குக் கால் சோர்ந்தால் ரெக்கோடரும் மெதுவாகச் சுற்றும். பிற்காலத்தில் மின்சாரம் வந்து அந்தக் கசற்றைப் போட்டுக் கேட்டபோது, நான் சோர்ந்த இடங்களில் எல்லாம் அண்ணாவின் குரல் மெலிந்து உயர்ந்து, ஐந்து வயதுப் பிள்ளை பாடுவது போல வந்தது. சங்கிலிச் சத்தம் பாட்டு முழுக்கக் கேட்கும். ஓரிடத்தில் அம்மா குசினியில் இருந்து ஏசுவதும் கேட்கும்.

ஒரு பாட்டில் இரண்டே வரிதான். 'வாளி கிணத்துக்கை விழுந்திட்டுது அம்மா, நான் விழேல்லை, நான் விழேல்லை.' அதையே பதினைந்து தடவைக்கு மேல் பாடுகிறார். ஒவ்வொரு தடவையும் 'நான்' என்ற சொல் வேறு மாதிரி விழுகிறது. சிறு வயதில் எனக்கு அது அலுப்பாக இருந்தது. இப்போது அதைக் கேட்கும்போது நான் தனியாக இருக்க வேண்டும்.

பல வருடத்துக்குப் பிறகு ஜோன்ஸ்ரனின் 1983ஆம் ஆண்டுக் கசற் பாடல்களைக் கேட்டபோது திடுக்கிட்டுப் போனேன். அதே கரகரப்பு, அதே தனிமை. பிள்ளைகள் விளையாடுவது போன்ற ஒரு சிறிய ஓர்கன், மலிவான ஒரு ரெக்கோடர், உடைந்து போகிற குரல். ஆரம்பத்தில் பிரதி எடுக்க வசதியில்லாமல், ஒருவருக்குக் கசற் கொடுக்க வேண்டுமென்றால் முழுவதையும் திரும்பப் பாடிப் பதிந்து கொடுத்தாராம். அவரும் தன் அம்மா ஏசுவதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஒஸ்ரின் நகரத்தில் மக்டொனால்ட்ஸ் கடையில் வேலை செய்துகொண்டு, தெருவில் காண்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கசற்றுகளைக் கொடுத்தார். 1992இல் நிர்வாணா றொக் இசைக்குழுவின் பாடகர் கேர்ட் கோபேன், ஜோன்ஸ்ரன் வரைந்த தவளைப் படம் போட்ட ரீசேர்ட்டை அணிந்ததால் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

சரி, அந்தப் பாடல்களை நோயா எழுதியது? அவர் பீற்றில்ஸ் பாடல்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். மெட்டு எங்கே திரும்ப வேண்டும், எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர். மனதில் வந்ததை வடிகட்டாமல் வைத்தார் என்பது உண்மை. ஆனால் வடிகட்டாமல் வைப்பதும், வந்தபடி கொட்டுவதும் ஒன்றல்ல. நாங்கள் வெட்கப்பட்டு அழித்துவிடுகிற வரியை அவர் அழிக்காமல் விட்டார். அது துணிச்சல். அதை நோயின் கணக்கில் எழுதினால், அந்த மனிதன் செய்த வேலையை அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

நோய் என்ன செய்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1990இல் தகப்பன் ஓட்டிய சிறிய விமானத்தில் போகும்போது, விமானத்தின் திறப்பை (சாவியை) இழுத்து வெளியே எறிந்துவிட்டார். முன்னாள் விமானப்படை விமானியான அந்தத் தகப்பன் மரங்களுக்கு மேல் விமானத்தை இறக்கியதால்தான் இருவரும் தப்பினார்கள். அன்று நோய் கொடுத்தது அதைத்தான். அண்ணாவுக்கு முதல்முறை வருத்தம் முற்றியபோது மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஒரு வரி பாடவில்லை. சுருதிப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் அது தன்னை ஏசுகிறது என்று காதைப் பொத்தினார். பாட்டெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வந்தவை.

மருந்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் கை நடுங்கியது, வாய் காய்ந்தது, எந்த நேரமும் நித்திரை. பாடவில்லை. அப்புறம் வந்த ஒரு டொக்டர் பொறுமையாகக் கேட்டு அளவை மாற்றினார். மெல்ல மெல்லப் பாட்டும் திரும்பியது. ஜோன்ஸ்ரனும் 1994, 2003, 2009 என்று இசைத்தட்டு வெளியிட்டபடியே இருந்தார். 2019 செப்டெம்பரில் 58 வயதில் இறந்தார். உங்கள் கட்டுரையை வாசித்துவிட்டு, பாட்டுக்காக மருந்தை நிறுத்திப் பார்ப்போம் என்று ஒரு பிள்ளை நினைத்தால் என்ன செய்வது? எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில் அண்ணா வாளிப் பாட்டைப் பாடிக்கொண்டு இருந்ததை யாரோ போனில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் விசரன் என்று சிரித்தார்கள். மீதிப் பேர் சித்தர் என்று கும்பிட்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே மாதிரி வலித்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியையும் ஊர் முதலில் விசர் செல்லப்பா என்றது, பிறகு யாழ்ப்பாணம் போற்றும் யோகர் சுவாமியின் குரு என்று வணங்கியது. செல்லப்பா சுவாமி ஞானி. என் அண்ணா ஞானி இல்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, பின்னேரத்தில் பாட்டுக் கட்டுகிற ஒரு மனிதர். அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

1995 இடப்பெயர்வில் அண்ணா உடுப்பை விட்டுவிட்டுப் பதினொரு கசற்றைக் கொண்டுவந்தார். மிஞ்சியது ஒன்று. சிலது மழையில் போயின. சிலவற்றுக்கு மேல் நாங்களே சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டோம். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. உங்கள் வாசகர்களின் அலுமாரியிலும் இப்படி ஒரு கசற் கிடக்கலாம். பூஞ்சணம் பிடிக்க முதல் கணினியில் ஏற்றி வையுங்கள்.

கட்டுரை வந்த அன்று பின்னேரம் ஜோன்ஸ்ரனின் பாட்டு ஒன்றை அண்ணாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் பெரிதாக விளங்காது. முழுவதையும் கேட்டுவிட்டு, 'தங்கச்சி, இவருக்கு ஆர் சைக்கிள் உழக்கினது?' என்று கேட்டார். அவருடைய தாயும் தகப்பனும் வயதுபோன காலத்திலும் அவரை வைத்துப் பார்த்தார்கள் என்று சொன்னேன். 'அப்ப சரி' என்றார்.

இனி இப்படியான கட்டுரை போடும்போது அதன் அடியில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் போடுங்கள். தலைப்பில் பைத்தியம் என்ற சொல் வேண்டாம். 'ஜோன்ஸ்ரனின் பாடல்கள்' என்று போட்டாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.