போனை இன்னும் கொஞ்சம் எட்டி வை, பாப்பா

பாப்பா,

போனில் பேசினால் “சரிம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கிளாஸ் இல்லாத நேரமாகப் பார்த்து முழுக்கப் படி.

முதலில் உன் கண். நீ ஜெர்மன் சொல்லித்தருகிற வீடியோ ஒன்றையும் அப்பாவும் நானும் விடுவதில்லை. ஜெர்மன் எங்களுக்குப் புரியாவிட்டாலும் உன் முகம் புரியும். இந்த இரண்டு மாதமாக வருகிற வீடியோக்களில் நீ இமைப்பதே இல்லை. திரையை உற்றுப் பார்த்துப் படிக்கும்போது இமைப்பது தன்னாலே குறைந்துவிடும், கண் காய்ந்துபோய் எரியும் என்று அப்பாவுக்குப் புரை எடுத்த சமயத்தில் அரவிந்த் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள், உனக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைப் பார்த்தால்கூடப் போதும். அந்த அறையில் ஜன்னல் இருக்கிறதா? வீடியோவில் ஒரு பக்கச் சுவர்தான் தெரிகிறது.

சரி, அதை விடு. பேச வேண்டியதைத் திரையில் எழுத்தாக ஓடவிடுகிற அந்த டெலிபிராம்ப்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ எதையோ படிக்கிறாய் என்று அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, உன் மூக்குக் கண்ணாடியைக் காட்டினார். இடது பக்கக் கண்ணாடியில், விழிக்குச் சற்று மேலே, பொடிப்பொடியாக வெள்ளைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நீ மூச்சு வாங்க நிறுத்தினாய், கோடுகள் நிற்கவில்லை. உடனே நீ அவசரமாக அடுத்த வாக்கியத்துக்குப் போனாய். எனக்கு அதைப் பார்த்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது.

அப்புறம் தம்பி விளக்கினான். டிவி நிலையத்தில் கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து வைத்திருப்பார்களாம். கீழே படுத்திருக்கிற திரையில் எழுத்து இடவலம் மாறி ஓடும், கண்ணாடியில் அது நேராகத் தெரியும், கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் படிக்கிறவர் நம்மைப் பார்த்தே பேசுகிற மாதிரி இருக்கும். கொடைக்கானல் டவர் வந்த புதிதில் நாங்கள் பார்த்த செய்தியில் அதெல்லாம் கிடையாது, குனிந்து தாளைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார்கள், படிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் குறையாக நினைக்கவில்லை. உன்னிடம் அந்தக் கண்ணாடியும் இல்லை, தாளும் இல்லை. ஒரே போனில் எழுத்தும் ஓடுகிறது, கேமராவும் அதிலேயே இருக்கிறது. போனைப் படுக்கை வாட்டில் வைக்கும்போது கேமரா ஓரத்துக்குப் போய்விடுகிறது, எழுத்து நடுவில் ஓடுகிறது. அதனால்தான் நீ எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாரிடமோ பேசுவது போல இருக்கிறது. எழுத்தைக் கேமரா இருக்கிற பக்கமாக ஒதுக்கு. வரியைக் குறுக்கிவிடு, ஒரு வரிக்கு மூன்று நான்கு வார்த்தை போதும், விழி இப்படியும் அப்படியும் ஓடாது. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போனை எட்டி வை. எட்டி வைக்க வைக்கக் கண் அசைவது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, உனக்கும் கண் வலிக்காது. இப்போது முகத்துக்கு நேரே வைத்திருக்கிறாய். எட்டி வை.

எழுத்து ஓடுகிற வேகத்தையும் குறை. இங்கிலீஷுக்கு நிமிடத்துக்கு 130, 150 வார்த்தை என்று வைப்பார்களாம். தமிழுக்கு அது எப்படிச் சரிப்படும்? ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்பது அந்த ஆப்பின் கணக்கில் ஒரே வார்த்தை, அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். பேசப் பேசத் தானாக நகர்கிற ஆப்பும் இருக்கிறதாமே. ஆனால் நீ தமிழையும் ஜெர்மனையும் மாற்றி மாற்றிப் பேசினால் அது வழி தெரியாமல் நின்றுவிடும் என்று தம்பி சொல்கிறான். கையில் பிடித்துக்கொள்கிற சின்ன புளூடூத் பட்டன் கிடைக்கிறதாம், அதை வாங்கி நீ நினைத்த இடத்தில் நிறுத்து. எழுத்து உனக்காக நிற்கட்டும், நீ எழுத்துக்காக ஓடாதே.

எழுதிவைத்துப் படிப்பது தப்பு என்று அம்மா சொல்லவில்லை. பாடக்குறிப்பு எழுதாமல் நான் ஒரு நாளும் வகுப்புக்குப் போனதில்லை, உனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்க அதுதான் வேலை. கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார். ஆனால் அது மேசையில் இருக்கும், என் கண் பிள்ளைகள் மேல் இருக்கும். எவன் வாய் அசைக்கிறான், எவள் முழிக்கிறாள் என்று பார்க்காமல் எப்படிச் சொல்லித்தருவது? நீயும் தப்பு வரக்கூடாததை மட்டும் அதில் எழுதிக்கொள். டெர், டீ, தாஸ் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எது என்பது, உதாரண வாக்கியங்கள், வீட்டுப்பாடம், அவ்வளவு போதும். ஒரு ‘டெர்’ தப்பாகப் போனால் பார்க்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் தப்பாகப் படிப்பார்கள், அதை நினைத்துத்தான் நீ முழுக்க எழுதுகிறாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. உன் குணம் அது. ஆனால் மற்றதை உன் வாயால் பேசு.

பேச்சு என்றதும் இன்னொன்று. நீ எழுதிவைப்பது எழுத்துத் தமிழ், அதை அப்படியே படிக்கிறாய், “இப்பொழுது நாம் வினைச்சொல்லின் இடத்தைக் காண்போம்” என்கிறாய். நம் வீட்டில் யார் அப்படிப் பேசினார்கள்? சாலமன் பாப்பையா ஐயா மதுரைப் பேச்சிலேயேதான் பட்டிமன்றம் நடத்தினார், உலகம் முழுக்கக் கேட்டார்கள், பத்மஸ்ரீயும் வாங்கினார். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, வாயில் எப்படி வருகிறதோ அப்படி எழுது.

மேல வீட்டு அக்கா மகள் உன் கிளாஸில் சேர்ந்திருக்கிறாள் அல்லவா, நர்ஸிங் முடித்த பிள்ளை. ஜெர்மனிக்குப் போவதற்கு பெரும்பாலும் ஜெர்மனில் பி2 என்கிற நிலை வரை முடிக்கச் சொல்கிறார்களாம். போன செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேரலை வகுப்பைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்திருக்க மாட்டாய், கேமராவில் படாமல்தான் இருந்தேன். ‘வைல்’ என்று ஏதோ காரணம் சொல்கிற பாடம். முதலில் நீ படித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பிள்ளை, “மேம், புரியல, ‘பின்’ ஏன் கடைசிக்குப் போகுது?” என்று கேட்டாள். நீ ஒரு நிமிடம் எழுத்தைப் பார்த்தாய், அதில் பதில் இல்லை போல. சட்டென்று அதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து, “ஏங்கடி, நம்ம வீட்ல எப்படிச் சொல்லுவோம்? ‘நான் இன்னைக்கு உடம்பு சரியில்லாம இருக்கேன்.’ இருக்கேன் எங்க இருக்கு? கடைசில. சாதாரணமா ‘இஷ் பின் ஹொய்டெ க்ராங்க்’னு ரெண்டாவது இடத்துல நிக்கிற வினை, முன்னாடி ‘வைல்’ வந்ததும் நம்ம ஊர் வழக்கத்துக்கு வந்துருது, ‘வைல் இஷ் ஹொய்டெ க்ராங்க் பின்.’ தமிழ்ல நினை, வினை தானா கடைசிக்குப் போகும்” என்றாய். அந்தப் பிள்ளை ‘ஆ’ என்று வாயைத் திறந்தவள் கடகடவென்று எழுதினாள். மற்ற கட்டங்களில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். 33 வருஷம் வாத்தியாராக இருந்த எனக்குத் தெரியும், அப்படி ஒரு விளக்கம் நினைத்தால் வருவதில்லை. எழுந்துபோய் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். அப்பா பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளைக்குப் பேச்சுத் தேர்வுதான் பயமாம். குறிப்பு வைத்துக்கொள்ளலாம், பார்த்துப் படிக்கக்கூடாது என்கிறாள். அவள் முன்னால் அன்றைக்கு எந்த எழுத்தும் ஓடாது. வார்த்தை கிடைக்காமல் தடுமாறினால் எப்படிச் சமாளித்துப் பேசுவது என்பதை அவள் உன்னிடம்தான் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நீ ஒரு இடத்திலும் தடுமாறாமல் ஓடினால் அவள் எங்கே பார்ப்பாள்? அதற்காகவும்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த உதாரணம் ஏன் உடம்பு சரியில்லை என்று வந்தது? பாடத்துக்குச் சொன்னதுதானே. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பாப்பா, நீ புதிதாகச் சேருகிறவர்களுக்கு, தன்னைப் பற்றிச் சொல்கிற முதல் பாடத்தை இரண்டு தடவை எடுத்திருக்கிறாய். பழையது போன வருஷம் எடுத்தது, பின்னால் பச்சைத் திரைச்சீலை, நான் தைத்துக்கொடுத்தது. அதில் ‘கணவருடன் சென்னையில் வசிக்கிறேன்’ என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, தமிழிலும் சொல்லிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடுவார். புதியதில் வெள்ளைச் சுவர், திரைச்சீலை இல்லை, ‘இஷ் வோனெ அலைன்’ என்று சொல்லிவிட்டு, ‘நான் தனியாக வசிக்கிறேன்’ என்று கீழே எழுத்து வருகிறது. நீ படிக்கிறாய், சிரிக்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறாய். பாடத்துக்கு எத்தனையோ வாக்கியம் வரும். ஒருத்தி தனியாக இருக்கிறேன் என்று சொல்லவும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும். நானும் அதையே அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

பொங்கலுக்கு நீ மட்டும் வந்தாய், மாப்பிள்ளைக்கு ஆடிட்டிங் என்றாய், சரி என்றோம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாளே, எதிர்சேவைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தின ராத்திரி ‘கிளாஸ் இருக்கு’ என்று மெசேஜ் போட்டாய். தல்லாகுளத்தில் எதிர்சேவைக்கு நீ இல்லாமல் போனதே கிடையாது, அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பந்தியம்மாவும் முன்பு போல போன் எடுப்பதில்லை. எடுத்தாலும், “நல்லா இருக்காங்க” என்று வைத்துவிடுகிறார். ஊர் உலகத்துக்கெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிற பிள்ளை எங்களிடம் நாலு வார்த்தை பேசுகிறாய், அந்த நாலும் எங்கோ எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரியே இருக்கிறது. “நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அவர் ஆபீஸ் போயிருக்கார், வைக்கிறேன்.” எந்த நேரம் கூப்பிட்டாலும் இதே வரிசைதான். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் அவர் ஆபீஸ் போயிருக்கிறார்.

நான் எதையும் கேட்கவில்லை, தாயி. நீ சொல்லும்போது சொல்லு. சொல்ல வேண்டாமென்றால் சொல்ல வேண்டாம். சாப்பாடு எப்படி, யார் சமைக்கிறார்கள் என்பதை மட்டும் மறைக்காதே. கன்னம் ஒட்டியிருக்கிறது, அது எப்படிப்பட்ட விளக்கைப் போட்டாலும் தெரியும். கண்ணையும் பார்த்துக்கொள். கண்ணாடி பவர் பார்த்து வருஷத்துக்கு மேலாகியிருக்கும், இங்கே வரும்போது அண்ணா நகர் அரவிந்துக்கே போய்விடலாம்.

வரும்போது என்று ஏன் எழுதினேன் என்றால், மாடி அறையை அப்பா ஒழித்துவிட்டார். நெல் மூட்டையெல்லாம் கீழே வந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்தாயிற்று, வெள்ளை இல்லை, அந்தப் பச்சைதான். இன்டர்நெட்டும் மாடிக்கு வந்துவிட்டது, தம்பி வேகம் பார்த்துவிட்டு உன் கிளாஸுக்குத் தாராளமாகப் போதும் என்றான். கரண்ட் போனால் நிற்காமல் இருக்க ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு வாரம் இருந்தாலும் சரி, ஒரு வருஷம் இருந்தாலும் சரி, அதற்கு மேலும் சரி. செக்கானூரணியில் உட்கார்ந்து ஜெர்மன் சொல்லித்தந்தால் ஜெர்மனிக்குப் போகிற பிள்ளைகள் வேண்டாமென்றா சொல்லப்போகிறார்கள். ஊரில் யாராவது கேட்டால் அப்பா பதில் சொல்லிக்கொள்வார், உனக்கு அந்தக் கவலை வேண்டாம், அவர் இதை உனக்கு எழுதச் சொன்னார்.

பாண்டியனில் ஏறினால் விடியற்காலையில் மதுரை, அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் ராத்திரி பஸ்ஸில் தனியாகக் கிளம்பாதே, அப்பாவே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார், அதற்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. ஆடி பிறந்தால் அம்மன் கோயிலில் மைக்செட் கட்டிவிடுவார்கள், நமக்குத் தெரிந்ததுதான், அந்த நாட்களில் மட்டும் நேரலை வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள், ரிக்கார்டிங்கை அதற்கு முன்னாலேயே முடித்துவிடு. பெரியப்பா முழங்காலும் சினைப் பசுவும் நல்லபடியாக இருக்கின்றன, அதையெல்லாம் நேரில் பேசலாம்.

மேசையிலிருந்து போன் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அளந்து அனுப்பு. ஆசாரி சனிக்கிழமை வருகிறார், ஸ்டாண்டைச் சுவரோடு அடித்துவிடலாம்.

அம்மா