சண்டை வராததுதான் அதிசயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 9, நம் தென்னாப்பிரிக்கப் பெண்கள் தினத்தன்று எங்கள் ஜூடோ வகுப்பு நடத்திய நிகழ்ச்சியைப் பற்றிச் செய்தி போட்டதற்கு நன்றி. படமும் நன்றாகவே வந்திருக்கிறது. நடுவில் சால்வையோடு நிற்பவர் சான்றிதழ் கொடுக்க வந்தவர். அவர் பெயரும் பதவிகளும் மூன்று வரி. பாயில் விழுந்து எழுந்த நாங்கள் "மற்றும் மகளிர்". அது பழகிவிட்டது, போகட்டும். கடைசி வரிதான் உறுத்துகிறது: "நாலு பெண்கள் கூடிய இடத்தில் சண்டை வராமல் இருந்ததே பெரிய வித்தை." நிருபர் தமாஷாக எழுதியிருப்பார். கேட்டுக் கேட்டுப் புளித்திருக்காவிட்டால் நாங்களும் சிரித்திருப்போம்.

புதிதாக வருகிறவருக்கு நாங்கள் முதலில் விழத்தான் கற்றுக்கொடுக்கிறோம். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து விழ வேண்டும். அது வரும்வரை அவரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். பிடி இறுகினால் தட்ட வேண்டும். தட்டிய நொடியே எதிராளி விட்டாக வேண்டும். வீட்டில் அடி வாங்கியவர்களும் எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் எதையும் கேட்பதில்லை. காலரைப் பிடித்ததுமே உடம்பு விறைத்துப்போவதில் தெரிந்துவிடும். உடனே எதிரே நிற்பவர் கையை எடுத்துவிட்டு, "நீ முதல்ல என்னைப் பிடிம்மா" என்று தன் காலரைக் கொடுப்பார். தட்டினால் விடுகிற கையும் உண்டு என்று நம்பவே சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. வகுப்பு முடிந்ததும் கார் இருப்பவர்கள் மற்றவர்களை வாசலில் இறக்கி, உள்ளே விளக்கு எரிந்த பிறகுதான் கிளம்புவார்கள். சாட்ஸ்வொர்த்தில் இருட்டிய பிறகு டாக்சிக்கு நிற்பது எப்படி என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூடோவின் கதையும் தாங்கள் அறிந்ததே. 1959இல் அமெரிக்கப் பெண் ரஸ்டி கனோகோகி ஆண் போல வேடமிட்டு நியூயார்க் மாநிலப் போட்டியில் ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர்தான் வீட்டை அடமானம் வைத்து 1980இல் பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை நடத்தினார். 1992இல் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. ஜப்பானிய ஜூடோ ஆசிரியை கெய்கோ ஃபுகுடாவை ஏறக்குறைய 20 வருஷம் ஐந்தாம் டானிலேயே (டான் என்பது கறுப்புப் பட்டையின் படிநிலை) நிறுத்தி வைத்திருந்தார்கள். பெண்கள் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான், 1972இல், ஆறாம் டான் கிடைத்தது. கடிதம் எழுதினால் சில சமயம் நடக்கிறது என்ற தைரியத்தில்தான் நானும் எழுதுகிறேன்.

அவ்வளவு தூரம் ஏன்? பிப்ரவரி வந்தால் தங்கள் பத்திரிகையில் தில்லையாடி வள்ளியம்மை படத்துக்கு மாலை விழும். 1913இல் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குக் கிளப்பிவிட்டு, மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல் அனுபவித்தவர்கள் எத்தனை பேர்? நாலு பெண்களுக்கு மேலேயே இருக்கும். சண்டையும் போட்டார்கள், அன்றைய அமைச்சர் ஸ்மட்ஸோடு.

கோயில் கூடத்தில் பாய் விரிக்க இடம் கேட்டபோது என்ன உடை, யார் பார்ப்பார்கள், வீட்டில் சம்மதமா என்றெல்லாம் கேட்டார்கள். ஆண்களின் கராத்தே வகுப்புக்கு ஒரு கேள்வியும் இல்லை. அப்போது எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. இடப் பற்றாக்குறை என்றீர்கள். அதே இதழில் நிர்வாகிகளின் தீபாவளி வாழ்த்து முழுப் பக்கத்துக்கு வந்தது. என் தாயார் இறந்த அறிவிப்பிலும் அவர் பெயர் இல்லை, அப்பா பெயரோடு ஒரு "திருமதி" மட்டும். இதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

நிருபர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கு. தாங்கள் எட்டு என்று போட்டுவிட்டீர்கள். எட்டு மணிக்கு வந்த இரண்டு பெண்கள் பூட்டிய கேட்டுக்கு வெளியே இருட்டில் நின்றிருக்கிறார்கள். அடுத்த இதழில் ஆறு என்று திருத்திப் போடவும். இடம் இல்லையென்றால் வாழ்த்து விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
"மற்றும் மகளிரில்" ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்