எங்கட கல்லு கல்லு, உங்கட கல்லு பவுணோ? – அட்டியல் பற்றின முறைப்பாடு

வணக்கம் முதலாளி ஐயா,

நான் புதுக்குடியிருப்பில இருந்து எழுதுறன். தை மாசம் அம்மாவின்ர பழைய சிவப்புக்கல் அட்டியலைக் கொண்டுவந்து, அதை அழிச்சு மகளின்ர சாமத்திய வீட்டுக்குப் புது அட்டியல் செய்யத் தந்தனான். ஞாபகம் இல்லாட்டி பில்லு என்னட்ட இருக்கு, படமும் இதோட அனுப்புறன்.

பழசை உங்கட கடைப் பொடியன் தராசில வைக்கேக்க 24.600 கிராம், 3 பவுணுக்குக் கொஞ்சம் மேல. பிறகு கல்லு, அரக்கு, ஊத்தை எண்டு சொல்லிச் சொல்லி 4.200 கழிச்சவர். நான் ஒண்டும் கதைக்கேல்ல, அந்தக் காலத்து அட்டியலுக்கு உள்ளுக்கு அரக்கு வச்சுத்தான் கல்லுப் பதிக்கிறது, அரக்குக்கு ஆர் காசு தருவினம், 20.400 எண்டு எழுதினதுக்கு ஓம் எண்டிட்டு வந்திட்டன்.

புதுசு தரேக்க பில்லில நிறை 20.100, சேதாரம் 1.600, மொத்தம் 21.700. கூடின 1.300 கிராமுக்கு அண்டைய பவுண் விலை வாங்கினீங்கள், செய்கூலி வேற. கல்லின்ர நிறையெண்டு பில்லில தனியா ஒண்டும் எழுதேல்ல. சாமத்திய வீட்டு அவசரத்தில நான் அதைக் கவனிக்கேல்ல, அது என்ர பிழைதான்.

போன கிழமை சிறுபோகத்துக்குப் பசளை வாங்க அட்டியலை வங்கியில அடைவு வைக்கப் போனன். மதிப்புப் பாக்கிறவர் உரைச்சுப் பாத்திட்டு 22 கரட் சரி எண்டவர், அதில உங்களைக் குறை சொல்லேல்ல. ஆனா கல்லுக்கு 2.100 கழிச்சு 18 கிராமுக்குத்தான் காசு எண்டிட்டார். அப்ப கால் பவுணுக்கு மேல கண்ணாடிக் கல்லை எனக்குப் பவுண் விலைக்கு வித்திருக்கிறியள், அதுக்குச் சேதாரமும் போட்டு! போன் எடுத்துக் கேட்டா ஒரு பிள்ளை, "எல்லாக் கடையிலயும் இப்பிடித்தான் அக்கா" எண்டுறா. எல்லாரும் செய்தா சரியாகிடுமோ?

இன்னொண்டு. பழசில கழிச்சியளே கல்லு, அது எங்க? 2009 இல அம்மா அந்த அட்டியலை உள்பாவாடைக் கரையில வச்சுத் தைச்சுக்கொண்டுதான் முள்ளிவாய்க்கால் மட்டும் போய், பிறகு செட்டிகுளம் முகாமிலயும் இருந்தவ. சங்கிலி, காப்பு எல்லாம் அரிசிக்கும் பால்மாவுக்கும் போச்சு, இது ஒண்டுதான் மிஞ்சினது. வழியில ரெண்டு கல்லு விழுந்து மிச்சம் 31, நான் எண்ணித்தான் தந்தனான். உங்களுக்கு அது பெறுமதி இல்லாததாலதானே கழிச்சனீங்கள், அப்ப வச்சிருந்து என்ன செய்யப் போறியள்?

எனக்கு 2.100 கிராமுக்கு பில்லுப் போட்ட நாள் விலைப்படி காசும், அதுக்குப் போட்ட சேதாரமும் வேணும். தங்கம் வேற, கல்லு வேற எண்டு நிறை பிரிச்சுப் புதுப் பில்லும் எழுதித் தாங்கோ. இல்லாட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்டு நம்பர் இருக்கு, அடிக்க எனக்குத் தெரியும், ஆனா அதுக்கு முதல் உங்களோட கதைக்கிறதுதான் முறை எண்டு எழுதுறன்.

வாற புதன்கிழமை முதல் பஸ்ஸில வாறன், வங்கித் துண்டும் கொண்டு வருவன். அம்மாவும் வருவா. கல்லு 31ஐயும் அவவின்ர கையில எண்ணிக் குடுங்கோ.