திருப்பம் இருக்கிறது என்றுகூடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உளவியல் த்ரில்லர் நாவல்களை நான் பென்சிலும் கையுமாகத்தான் படிப்பேன். கதை சொல்பவர் எங்காவது தடுமாறினால் ஓரத்தில் ஒரு புள்ளி. போன மாதம் ஒரு நாவலை முடித்த கையோடு முதல் பக்கத்துக்கே திரும்பினேன். கணவர் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகக் கதை சொல்லும் பெண் சொல்கிறாள். முதல் தடவை அதில் அன்பு தெரிந்தது. இரண்டாம் தடவை எனக்குக் கை நடுங்கியது. அங்கே நான் ஒரு புள்ளிகூட வைத்திருக்கவில்லை!

இந்த ஆட்டத்தில் நேர்மை முக்கியம். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகருக்கும் தெரிய வேண்டும் என்று ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே விதி வகுத்தார். கடைசி அத்தியாயத்தில் திடீரென ஓர் இரட்டைச் சகோதரியை இறக்கிவிடும் நாவல்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

முடிவு முன்பே தெரிந்தாலும் ரசனை குறையாது என்று 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. சரி, ஆனால் அவர்கள் படிக்கக் கொடுத்தவை சிறுகதைகள். 400 பக்கம் ஒருத்தியை நம்பி, அவளுக்காக மனதுக்குள் வாதாடி, அப்புறம் ஏமாறுவது வேறு அனுபவம்.

நூல் மதிப்புரை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். முடிவைச் சொல்லாதீர்கள். ‘கடைசியில் பெரிய திருப்பம்’ என்றுகூட எழுத வேண்டாம். அதைப் படித்துவிட்டால் முதல் வரியிலிருந்தே எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி