காலண்டரில் சிவப்பு வட்டம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் மாதவிடாய்ப் பிரச்சினைகள் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கேத்தரினா டால்டனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! லண்டனில் குடும்ப டாக்டராக இருந்தவர். முதலில் பாத வைத்தியர். கணவர் இரண்டாம் உலகப் போரில் இறந்த பிறகுதான் மருத்துவமே படித்தார். மாதாமாதம் வரும் தன் ஒற்றைத் தலைவலி கர்ப்ப காலத்தில் மட்டும் காணாமல் போனதைக் கவனித்து, அப்புறம் தன்னிடம் வரும் பெண்களின் தொந்தரவுகளையும் தேதிவாரியாகக் குறித்து, டாக்டர் ரேமண்ட் கிரீனுடன் சேர்ந்து, மாதவிடாய்க்கு முன்னால் வரும் தொந்தரவுகளைப் பற்றி 1953-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர் நம்பிக் கொடுத்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பிற்காலச் சோதனைகளில் பெரிதாக எடுபடவில்லை, அது வேறு விஷயம். தேதி கேட்டாரே, அதுதான் பெரிது.

என் மகளின் தலைவலிக்கு எங்கள் டாக்டர் "டென்ஷன்மா" என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொண்டே இருந்தார். சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் அவளுக்குத் தலைவலி வந்த தேதிகளில் நாலு மாதமாகப் போட்டுவைத்த சிவப்பு வட்டங்களைக் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டிய அன்றுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

- ஒரு வாசகி